பதினோராவது நாளும் அரைத் துண்டு பிரெட்டும்

கேள்வி: எனக்கு வயது 38. உடல் எடையைக் குறைக்க, இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து இன்றோடு பதினோரு நாள். முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும்தான் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘இனிமேல் பசியே இருக்காது’ என்றார்கள். எனக்கோ நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான். புரதப் பவுடர் டப்பாவைத் திறந்தாலே குமட்டுகிறது. பால், சூப், தண்ணீர் எல்லாம் சேர்த்தும் ஒரு நாளில் அரை லிட்டர் தாண்டுவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சமைக்கிறேன். ஒன்பதாவது நாள், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போன அரைத் துண்டு பிரெட்டை நின்றபடியே தின்றுவிட்டேன். நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைத்து, கால் மணி நேரத்தில் வாந்தி. யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் புலம்பினால் ‘தெரிந்துதானே செய்துகொண்டாய்’ என்கிறார். ராத்திரியில் அழுகை வருகிறது. ஆபரேஷனைக் கெடுத்துக்கொண்டேனா? இன்னும் மூன்று நாள் பொறுக்காமல் மசித்த உணவை இப்போதே தொடங்கலாமா? ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: அவசரம் கருதி இந்த வாசகிக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அவர் சம்மதத்தோடு, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பிரெட்டைப் பற்றி ஆறு வரி எழுதியிருக்கிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒரே வரி. என்னைக் கவலைப்படுத்தியது அந்த ஒரு வரிதான். எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு முதல் மாதத்தில் திரும்பவும் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வருவது தப்பாக எதையோ தின்றதால் இல்லை. உடம்பில் நீர் வற்றித் தலைசுற்றி விழுந்துதான் வருகிறார்கள். பிரெட்டுக்கு வருகிறேன், ஆனால் தண்ணீரை முடித்துவிட்டு.

அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சமாளிக்கலாம். தேன் நிறம், அதற்கும் மேல் கருமை என்றால் பற்றாக்குறை. ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நாக்கு ஒட்டுகிறது என்றால் மேலே படிக்காமல் உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினால் சரியாகிவிடுகிற விஷயம் இது. வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் சிறுநீரகத்தில் போய் நிற்கும்.

ஏன் குடிக்க முடியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், 100-லிருந்து 150 மில்லி பிடிக்கும். ஆனால் பதினோராவது நாளில் அந்தக் குழாயின் உள்சுவர் வீங்கியிருக்கிறது, அதனால் அந்த அளவும் இப்போது கிடையாது. ஆபரேஷனுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரை நின்ற இடத்தில் கவிழ்த்த பழக்கத்தில் இரண்டு மடக்கு சேர்ந்தாற்போல விழுங்கினால், நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு இறுக்கம் வரும். அந்த வலிக்குப் பயந்து அடுத்த ஒரு மணி நேரம் குடிக்காமலே இருப்பீர்கள். இப்படித்தான் அரை லிட்டரில் நாள் முடிகிறது.

இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி வருமே, அதை எடுத்துக் கழுவி வையுங்கள். அதில் 30 மில்லி கோடு இருக்கிறதா பாருங்கள். சின்ன மூடி என்றால் 30 மில்லி சேர்வதை ஒரு மூடியாகக் கணக்கு வையுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச இலக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவம், அதாவது 50 மூடி. கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி என்றால் பன்னிரண்டரை மணி நேரம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும், இது இடையிடையே ஞாபகம் வந்தால் செய்கிற வேலை இல்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழரை வரை ஓடுகிற முழு நேர வேலை. சமையலையும் வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வீர்கள்? அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூடியில் இருப்பதையும் ஒரே வாயில் விழுங்க வேண்டாம். மூன்று நான்கு சிறு மிடறாக. குளிர்ந்த தண்ணீர் சிலருக்கு உள்ளே பிடித்துக்கொள்ளும், வெதுவெதுப்பாக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். இன்னும் சிலருக்கு நேர் எதிர், ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கரைத்தால்தான் இறங்கும். இரண்டையும் ஒரு நாள் பார்த்துவிட்டு எது ஒத்துக்கொள்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் உலோகம் மாதிரி சுவைக்கிறது என்று பலர் சொல்வார்கள், அதுவும் இந்த நாட்களில் சகஜம், ஒரு துளி எலுமிச்சை விட்டால் மாறும். சோடா, கோலா வகை வேண்டாம், வாயு போய் அடைக்கும். விக்கல், திடீர்த் தும்மல், மூக்கில் நீர் வடிதல் இதெல்லாம் ‘போதும், நிறுத்து’ என்று உங்கள் புது இரைப்பை சொல்கிற முறை. எல்லோருக்கும் வராது, வருகிறவர்களுக்கு நல்ல கடிகாரம்.

சரி, பிரெட்.

திரவம் மட்டும் என்று சொல்வதைப் பலர் உடம்பு இளைப்பதற்கான பத்தியம் என்று நினைக்கிறார்கள். எடை எப்படியும் குறையும், இந்த இரண்டு வாரம் அதற்காக இல்லை. உங்கள் இரைப்பையின் நெடுக ஒரு நீளமான ஸ்டேப்ளர் தையல் ஓடுகிறது. அது ஆறும்வரை உள்ளே அழுத்தம் ஏறக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதான் இது. மாவுக்கட்டு போட்ட கையை அசையாமல் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருப்பது போல. பிரெட்டின் சிக்கல் அது எச்சிலோடு சேர்ந்து பிசைந்த மாவு உருண்டையாக மாறுவதுதான். வீங்கிய குழாயில் அந்த உருண்டை போய் உட்கார்ந்துகொள்ளும். கீழேயும் போகாமல் மேலேயும் வராமல் இருக்கும்போது வருகிற அந்தக் கல் வைத்த வலியும், அதைத் தொடர்ந்து வரும் பலமான வாந்தியும்தான் தையலுக்குச் சோதனை.

கெடுத்துக்கொண்டீர்களா? ஒரு முறை, அரைத் துண்டு, அதுவும் வெளியே வந்துவிட்டது, இரண்டு நாளாக வேறு தொல்லை இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பதை வைத்துக்கொண்டு நான் தூங்கிவிட மாட்டேன், நீங்களும் வேண்டாம். ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 120-ஐத் தாண்டினால், வலியே இல்லாவிட்டாலும், நேராக மருத்துவமனை. தையலில் கசிவு ஏற்பட்டால் பல நேரங்களில் முதலில் கத்துவது நாடிதான், வயிறு பிறகுதான். 100-க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் அன்றே போன் செய்து சொல்லுங்கள், நீர் வற்றினாலும் நாடி ஏறும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விடாத வயிற்று வலி, இடது தோளில் காரணமில்லாத வலி, மூச்சு வாங்குதல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கடைசியில் சொன்னது தையல் விஷயமில்லை, காலில் ரத்தம் உறைவதன் அறிகுறி, அதுவும் இந்த வாரங்களில்தான் அதிகம் வரும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் நாளைக்கு உங்கள் மருத்துவக் குழுவிடம் அந்த அரைத் துண்டைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். பதினைந்து வருடமாக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், முதல் இரண்டு வாரத்தில் எதையாவது கடித்துப் பார்க்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொல்லாதவர்களுக்குத்தான் எங்களால் உதவ முடியாமல் போகிறது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிற திரவ உணவுத் தாளை நானே கடைப்பிடித்துப் பார்க்கலாமே என்று தொடங்கினேன். எனக்கு ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, முழு இரைப்பை. நாலாவது நாள் மாலை தோற்றேன். தோற்கடித்தது பசி இல்லை. பக்கத்து மேசைத் தோழி ஆப்பிளைக் கடித்த சத்தம். கடைவாயில் எச்சில் ஊறித் தாடை தானாக அசைந்தது. நாம் பசி என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் எத்தனை விஷயம் ஒளிந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

உங்கள் ‘பசி இருக்காது என்றார்களே’ கேள்விக்கு இதுதான் பதில். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் 1999-ல் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில், ஸ்லீவ் முறையில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். ஆகவே உங்கள் டாக்டர் பொய் சொல்லவில்லை, வயிற்றிலிருந்து கிளம்புகிற பசி நிஜமாகவே குறையும். ஆனால் முப்பத்தெட்டு வருடமாக வாய்க்கும் தாடைக்கும் பழகிப்போன மெல்லும் வேலையை, நாலு பேரோடு உட்காரும் பழக்கத்தை, மனசு கனத்தால் எதையாவது கொறிக்கும் வழக்கத்தை யாரும் வெட்டி எடுக்கவில்லை. அவை அப்படியே இருக்கின்றன, கேட்கின்றன.

எது எது என்று பிரித்தறிய நான் சொல்லும் வழி: நினைப்பு வந்தவுடன் வெதுவெதுப்பான எதையாவது இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். அடங்கிவிட்டால் அது தாகம், அல்லது வாசனையின் வேலை. வயிற்றின் மேல்பகுதியில் அரிப்பது, சுரண்டுவது போன்ற உணர்வு என்றால் அது அமிலமாக இருக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். கை நடுங்கி வியர்த்துப் படபடக்கிற பசி தனி. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் பழைய அளவு இப்போது மிக அதிகம், ரத்தச் சர்க்கரை கீழே போய்விடும். உடனே அளந்து பார்த்து, குறைந்திருந்தால் சொல்லிக் கொடுத்தபடி சர்க்கரை எடுத்துக்கொண்டு, டாக்டரைக் கேட்டு மருந்தை மாற்ற வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைக்கும், நீர் பிரிக்கும் மாத்திரைக்கும் இதேபோல டாக்டரைக் கேட்டு அளவைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மருந்துகள் பற்றி ஒன்றும் இல்லை, அதனால் சொன்னேன். தலைவலி, உடம்புவலி என்று கடையில் ஐபுபுரூஃபன் வகை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், புது இரைப்பையில் புண் வரும்.

மென்று துப்பிவிட்டால் என்ன என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். கொஞ்சம் உள்ளே போகும், ஆசையும் தணியாது.

புரதத்துக்கு வருவோம். அறுவைக்குப் பிறகு சாதாரணமாகச் சொல்லும் இலக்கு நாளொன்றுக்கு 60 கிராம் புரதம். அதை எட்டாவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். தையல் ஆறுவதும் தாமதமாகும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் நீர், பிறகு புரதம். முதல் வாரத்தில் 60 எட்டாத பலரைப் பார்த்திருக்கிறேன், ஏற ஏற எட்டிவிடுவார்கள். நீர் அப்படிக் காத்திருக்காது.

குமட்டுகிற அந்த டப்பாவை மூடி வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாக்கு மாறிவிடும். முன்பு பிடித்த வெனிலா இப்போது சோப்பு மாதிரி இருக்கும். பெரிய டப்பாவாக வாங்கிவிட்டோமே என்று கஷ்டப்பட்டுக் குடிக்காதீர்கள், இரண்டு மாதம் கழித்து அதே டப்பா பிடித்துப்போகலாம். இப்போதைக்குச் சுவையும் இனிப்பும் சேர்க்காத மோர்ப்புரதப் பவுடர், கடையில் ‘வே ஐசோலேட்’ என்று கேட்டால் தருவார்கள், சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். அதை உப்புச் சுவைக்குத் திருப்பலாம். வடிகட்டிய சூப்பை இறக்கி, விரல் வைத்தால் தாங்குகிற சூடு வரும்வரை ஆறவிடுங்கள். பவுடரைத் தனியே இரண்டு கரண்டி குளிர்ந்த தண்ணீரில் பசை மாதிரி குழைத்து, அப்புறம் சூப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கொதிக்கிற சூப்பில் நேராகக் கொட்டினால் முட்டை வெள்ளை மாதிரி திரிந்து கட்டி கட்டியாகிவிடும், பிறகு யாராலும் குடிக்க முடியாது. இந்த ஒரு தவறில்தான் பலர் ‘உப்புச் சூப்பில் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை’ என்று கைவிடுகிறார்கள்.

கணக்கு இப்படிப் போடலாம். 100 மில்லி பாலில் சுமார் 3 கிராம் புரதம்தான். அதிலேயே கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 10 கிராம் கலந்தால் 7 கிராமுக்கு அருகே வரும், அளவு ஏறாமலே இரண்டு மடங்கு. இப்படி நாள் முழுக்க 600 மில்லி என்றால் 40 கிராம். மோர்ப்புரதப் பவுடர் ஒரு அளவுக் கரண்டி (ஸ்கூப்), 200 மில்லி சூப்பில், 25 கிராம் சுமாருக்கு. இலக்கு தாண்டிவிட்டது, திரவத்தில் 800 மில்லியும் ஏறிவிட்டது. மீதி 700-ஐத் தண்ணீராக்கிக்கொள்ளுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது என்றால் லாக்டோஸ் நீக்கிய பாலோ சோயா பாலோ பாருங்கள். கொலாஜன் பவுடரை மட்டும் நம்பாதீர்கள், டிரிப்டோபான் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது, அது தனியாக நின்று தசையைக் காப்பாற்றாது. பால் பவுடர் கலந்த பாலைக் குளிரவைத்துக் குடித்தால் வாசனையும் இனிப்பும் அடங்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் போகும், உள்ளே போவதே அவ்வளவுதான். கஷ்டப்பட்டு முக்காமல், இளக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

தினமும் எடை பார்க்கிறீர்களா என்று தெரியவில்லை. பார்க்கிறீர்கள் என்றால் ஒரு முன்னெச்சரிக்கை: மூன்றாவது வாரம் வாக்கில் முள் நகராமல் நின்றுவிடலாம். முதலில் விழுந்த கிலோக்களில் பெரும் பங்கு உடம்பு சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பும் அதைப் பிடித்திருந்த நீரும். அந்த வேகம் தொடராது. அப்போது ‘இவ்வளவு பட்டினி கிடந்தும்’ என்று ஒரு ஆத்திரம் வரும், அதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

மசித்த உணவுக்கு முன்கூட்டியே மாறலாமா? நீங்களாக வேண்டாம். உங்கள் கையில் உள்ள தாள்தான் சட்டம். வேறு ஒருத்தருக்கு வேறு மருத்துவமனையில் பத்தாவது நாளே கொடுத்திருக்கலாம், அவருடைய ஆபரேஷனும் உள்நிலையும் வேறு. அரை லிட்டருக்கு மேல் திரவமே இறங்காத குழாயில் மசித்ததும் இறங்காது. தண்ணீர் ஒழுங்காக இறங்கத் தொடங்கியதும்தான் அடுத்த படி. அது நடந்தபின் பதினைந்தாவது நாள் முதல் கரண்டி தயிரோ மசித்த மீனோ எடுக்கும்போது, காபிக் கரண்டி போதும். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

வாந்தி மறுபடி வந்தால் அலட்சியம் கூடாது. ஒரு நாள் முழுக்கத் திரவம்கூட உள்ளே தங்கவில்லை என்றால் போய்விட வேண்டும். வாந்தி நாள் கணக்கில் நீண்டால் பி1 என்கிற தயமின் சத்து உடம்பில் தீர்ந்துபோகும். பொருள் இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இவை அதன் அடையாளம், மூளையை நிரந்தரமாகப் பாதிக்கக் கூடியது. ஆபரேஷன் பற்றித் தெரியாத வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்: ‘எனக்கு ஸ்லீவ் செய்திருக்கிறது, பல நாளாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுங்கள்.’ கணவருக்கும் இந்த வாக்கியம் தெரிந்திருக்கட்டும்.

கணவர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘தெரிந்துதானே செய்துகொண்டாய்’ என்பவருக்குத் தெரியாத விஷயம், பதினோரு நாளாக மெல்லாத ஒருத்தி மூன்று வேளையும் அடுப்பருகே நிற்கிறாள் என்பது. இன்னும் இரண்டு வாரத்துக்குச் சமையலை அவரிடம் கொடுங்கள். உதவி என்று கேட்டால் மறந்துவிடுவார், சிகிச்சையின் பகுதி என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அந்த 50 மூடிக் கணக்கைக் காட்டினால் புரியும். முடியவே முடியாத நாட்களில் சமைப்பதற்குக் கால் மணி முன்பே உங்கள் சூப்பைக் குடித்துவிட்டு உள்ளே போங்கள். உப்பு பார்க்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

அழுகை. பெரிய ஆபரேஷன், சில நூறு கலோரி, சரியான தூக்கம் இல்லை, இத்தனை வருடம் ஆறுதல் தந்த ஒன்று திடீரென்று கையில் இல்லை. அழுகை வராவிட்டால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ‘ஏன்தான் செய்துகொண்டேனோ’ என்று இரண்டாவது வாரத்தில் சொன்ன பலர் மூன்றாவது மாதத்தில் அதை மறந்தே போயிருக்கிறார்கள். ஆனால் இருட்டு விலகாமல் நாட்கள் நீண்டாலோ, இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ, அன்றே குழுவில் உள்ள மனநல ஆலோசகரிடமோ டாக்டரிடமோ சொல்லிவிட வேண்டும். அது தையலைப் போலவே கவனிக்க வேண்டிய இடம்.

ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷன் விவரத்தை எல்லோருக்கும் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன், இரண்டு வாரம் திரவம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்’ போதும். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. நல்ல கோப்பை ஒன்றில் சூப்பை ஊற்றிக்கொண்டு எல்லோரோடும் உட்காருங்கள். கையில் கோப்பை இருந்தால் யாரும் தட்டு எங்கே என்று கேட்பதில்லை. பேச்சு தொடங்கிக் கால் மணிக்குமேல் வாசனை தாங்கவில்லை என்றால் எழுந்து போங்கள், ஆபரேஷன் ஆனவர் படுக்கப் போவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தி முடிந்து மிச்சம் மீதியோடு தட்டுகள் அடுக்களைக்கு வரும்போது மட்டும் நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். அந்த அரைத் துண்டு பிரெட் வந்ததே அப்படியொரு தட்டிலிருந்துதானே.